நாங்கூழும் நாற்பத்து நான்கு ஆண்டுகளும்

மனோன்மணீயத்தில் நாங்கூழ்ப் புழுவை நோக்கி நடராசன் பேசும் பகுதியைக் கல்லூரித் தமிழாசிரியர்களில் பலர் ஒருமுறையேனும் வகுப்பில் நடத்தியிருப்பார்கள். நாங்கூழ் என்பது மண்புழு. ஓடும் நீரையும் கரையில் முளைத்த சிறு புல்லையும் வியந்த நடராசன், காலடியில் கிடக்கும் புழுவின் பக்கமும் திரும்புகிறான். உழைப்பவர்களுள் உயர்ந்தவர் உழவர் என்றால், அந்த உழவர்களுக்கும் மேலே வைக்கத்தக்கது இந்தப் புழு என்கிறான். எந்த மண்ணையும் பண்படுத்திவிடும் அதன் திறத்தைச் சொல்கிறான். மண்ணைத் தின்று, குழைத்து, உருட்டி வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டு, பாராட்டுக்குக் காத்திராமல் வளையின் வாயை அடைத்துக்கொண்டு மறைந்துவிடுகிறதே என்று நெகிழ்கிறான்.

நான் இந்தப் பகுதியைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் 'உயர்வு நவிற்சி' என்று கரும்பலகையில் எழுதுவேன். புழுவை அரசனாக்குவது கவிஞனுக்குரிய சலுகை என்று விளக்குவேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி எழுதிவிட்டுத் திரும்பியபோது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். வேளாண் குடும்பத்துப் பிள்ளை.

"ஐயா, எங்க வயல்ல மழை பெஞ்சு ஓஞ்சதும் வரப்பெல்லாம் குருணை குருணையா மண்ணு கெடக்கும். அது புழு தள்ளுனதுதான். வாயையும் அப்படித்தான் அடைச்சி வச்சிருக்கும். அவரு பாத்தத எழுதியிருக்காரு. இதுல எங்கய்யா உயர்வு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அணி என்று நான் சொல்லிக் கொடுத்தது வெறும் உண்மையாக இருந்தால், இத்தனை ஆண்டுகளும் நான் நடத்தியது என்ன? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

*

தமிழ் இலக்கியத்தில் நாங்கூழ் அதற்கு முன்பும் வந்திருக்கிறது. திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில், எறும்புகளின் நடுவே அகப்பட்ட நாங்கூழைப் போலப் புலன்களால் அரிக்கப்படுவதாக மாணிக்கவாசகர் முறையிடுகிறார். கையில்லை, காலில்லை, ஓடில்லை, கொடுக்கில்லை. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. ஆதரவற்ற உயிருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. பிறவிகளின் வரிசையிலும் புழுவுக்கு நாம் கொடுத்த இடம் கீழ்ப்படிதான். ஒருவனை இழித்துச் சொல்ல இன்றும் நமக்குப் 'புழு' என்ற ஒரு சொல் போதும்.

அதே புழு 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் உழவர்களுக்குத் தலைமை ஏற்று நிற்கிறது. இரையாகக் கிடந்த உயிர் உழைக்கும் உயிராகிவிட்டது. புழு மாறவில்லை, பார்க்கும் கண் மாறியிருக்கிறது. வயலில் நிற்பவனுக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். ஏட்டில் எழுதுபவர்களுக்கு அது தெரியவந்த வரலாற்றில் பெரும்பங்கு ஓர் ஆங்கிலேயருக்கு உரியது. அவரிடம் போகும் முன் புழுவின் உடலைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது.

*

நான் கல்லூரியில் படித்த காலத்தில் விலங்கியல் நண்பர்கள் மெழுகுத் தட்டில் மண்புழுவைக் குண்டூசி குத்திப் பரப்பி வைத்திருப்பதைச் சன்னல் வழியே பார்த்ததுண்டு. 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறைகள் வகுத்த பிறகு உயிரிகளை அறுத்துப் பார்க்கும் வழக்கம் கல்லூரிகளில் குறைந்துவிட்டது. எனவே மாணவனின் கேள்விக்குப் பிறகு நான் எங்கள் விலங்கியல் துறை நண்பரிடம் போனபோது, ஒரு சுவர்ப்படத்தையும் கண்ணாடிக் குடுவையையும் வைத்துத்தான் அவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

நம் பள்ளிப் பாடநூலில் இருப்பது லாம்பிட்டோ மாரிடி என்னும் இனம். தென்னிந்திய மண்ணில் பரவலாகக் காணப்படுவது. அதன் உடல் 165 முதல் 190 வரையிலான வளையங்களால் ஆனது. இவற்றைக் கண்டங்கள் என்பார்கள். 14 முதல் 17 வரையிலான கண்டங்களைச் சுற்றித் தடித்த பட்டை ஒன்று இருக்கும். முட்டைக் கூட்டை உருவாக்குவது அந்தப் பட்டைதான். கண்கள் இல்லை, ஒளியை உணரும் செல்கள் தோலில் இருக்கின்றன. நுரையீரல் இல்லை, ஈரமான தோலே மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் புழு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இரத்தம் நம்முடையதைப் போலவே சிவப்பு. ஆனால் சிவப்பணுக்கள் கிடையாது. ஹீமோகுளோபின் இரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது.

எலும்பில்லாத இந்த உடல் இறுகிய மண்ணுக்குள் எப்படி நுழைகிறது என்று கேட்டேன். உடற்குழிக்குள் அடைபட்டிருக்கும் நீர்தான் அதற்கு எலும்பு என்றார் நண்பர். வளையத் தசைகள் சுருங்கினால் உடல் மெலிந்து நீள்கிறது. நீளவாட்டுத் தசைகள் சுருங்கினால் பருத்துக் குறுகுகிறது. கண்டங்களில் பதிந்திருக்கும் நுண்ணிய முட்கள் அந்தந்த நேரத்தில் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. முன்பகுதி நீண்டு, ஊன்றி, பின்பகுதியை இழுத்துக்கொள்கிறது. மண் மிக இறுகியிருந்தால் அதைத் தின்றே வழியுண்டாக்கிக்கொள்கிறது.

தின்ற மண் முதலில் அரைவைப்பைக்குப் போகிறது. பல் இல்லாத புழுவுக்குத் தசையாலான அந்தப் பையே திரிகை. மண்ணிலுள்ள மணல் துகள்களே அரைக்கும் கல். குடலில் சத்து உறிஞ்சப்படுகிறது. மண்ணோடு சேர்ந்து போன நுண்ணுயிர்கள் அங்கே பெருகுகின்றன. பின்வழியாக வெளியேறும் மண், கோழையால் பிணைந்த சிறு சிறு குருணைகளாக இருக்கிறது. மழை பட்டாலும் எளிதில் கரையாத, பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க சத்துகள் கூடிய குருணைகள் இவை. புழு போய்வந்த வளைகள் காற்றும் நீரும் இறங்கும் வழிகளாகின்றன. அந்த மாணவன் வரப்பில் கண்டது இந்தக் குருணைகளைத்தான்.

இந்திய விலங்கியல் வரலாற்றிலும் மண்புழுவுக்குத் தனியிடம் உண்டு. லக்னோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கரம் நாராயண் பால், ஃபெரிடிமா என்னும் மண்புழுவைப் பற்றி எழுதிய தனிநூல் 1926-இல் இந்திய விலங்கியல் நினைவேடுகள் என்ற வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1919-இல், அவர் ஒன்றைக் கண்டறிந்திருந்தார். அதுவரை நன்கு அறியப்பட்டிருந்த ஐரோப்பியப் புழுக்களில் கழிவுநீர் தோல் வழியே வெளியே போய்விடுகிறது. ஃபெரிடிமாவில் கழிவு நீக்கும் நுண்குழல்களில் பல குடலுக்குள் திறக்கின்றன. கழிவிலுள்ள நீரைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. ஈரம் குறையும் மண்ணில் பிழைக்க வேண்டிய புழு ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்குவதில்லை. கோடையைக் கண்ட நமக்கு இது எளிதில் புரியும்.

*

இனி அந்த ஆங்கிலேயர். சார்லஸ் டார்வின் என்றால் நமக்குக் குரங்கு நினைவுக்கு வரும். அவருடைய ஆய்வு வாழ்வின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்பது மண்புழு.

பீகிள் கப்பலில் ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு 1836 அக்டோபரில் அவர் ஊர் திரும்பினார். மறு ஆண்டு ஸ்டாஃபோர்ட்ஷயரில் மேயர் என்னும் ஊரிலிருந்த தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வீட்டுக்குப் போனார். மாமா அவரைப் புல்வெளிக்கு அழைத்துச் சென்றார். பல ஆண்டுகளுக்கு முன் மேலே பரப்பிய சுண்ணாம்பும் கரித்துண்டுகளும் அப்போது புல்லுக்குக் கீழே சில அங்குல ஆழத்தில் ஒரு படுகையாகக் கிடந்தன. யாரும் அவற்றைப் புதைக்கவில்லை. புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே போட்டுக்கொண்டே இருந்ததால் அவை மெல்ல அமிழ்ந்திருக்க வேண்டும் என்பது மாமாவின் கருத்து. 1837 நவம்பர் 1 அன்று லண்டன் நிலவியல் கழகத்தில் டார்வின் இதைக் கட்டுரையாகப் படித்தார். அப்போது அவருக்கு வயது 28.

மண்புழுவின் பயனை டார்வினுக்கு முன்பே சொன்னவர்களும் உண்டு. கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1777-இல் எழுதிய ஒரு கடிதத்தில், புழுக்கள் இல்லாவிட்டால் மண் இறுகி வளமற்றுப் போகும் என்று குறித்திருக்கிறார். டார்வின் செய்தது அளந்து பார்த்தது. 1842 டிசம்பரில் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். பிறகு காத்திருந்தார். 1871 நவம்பரில், 29 ஆண்டுகள் கழித்து, அங்கே பள்ளம் தோண்டச் செய்தார். வெள்ளைக் கற்களின் வரிசை ஏழு அங்குல ஆழத்தில் தெரிந்தது. ஆண்டுக்குக் கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அவர் உயிரினங்களின் தோற்றம் நூலை எழுதி உலகைக் கலக்கினார். சுண்ணக்கற்கள் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

1869-இல் ஃபிஷ் என்பவர் ஒரு தோட்டக்கலை இதழில் டார்வினின் முடிவை மறுத்தார். இவ்வளவு சிறிய, வலுவில்லாத உயிர் இவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்க முடியாது என்பது அவர் வாதம். டார்வின் இதற்குப் பின்னாளில் தந்த மறுமொழியின் சாரம் இதுதான்: ஓயாமல் திரும்பத் திரும்ப நிகழும் ஒரு சிறு காரணத்தின் விளைவுகளைக் கூட்டிப் பார்க்க மனிதர்களால் முடிவதில்லை, நிலவியலிலும் பரிணாமக் கொள்கையிலும் அறிவு வளர்ச்சிக்குத் தடையாக நின்றது இந்த இயலாமையே. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் கரும்பலகையில் எழுதியதும் ஃபிஷ் சொன்னதும் ஒன்றுதான். புழு சிறியது, ஆகவே அதன் பெருமை மிகையாகத்தான் இருக்க வேண்டும்!

முதுமையில் டார்வின் புழுக்களைத் தொட்டிகளில் வளர்த்து இரவில் விளக்கோடு உட்கார்ந்து கவனித்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று பார்க்க வீட்டிலிருந்தவர்கள் குழல் ஊதினார்கள், பியானோ வாசித்தார்கள், கத்திப் பார்த்தார்கள். புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியபோது மட்டும் சட்டென்று வளைக்குள் இழுத்துக்கொண்டன. ஒலி கேட்காது, அதிர்வு தெரியும் என்று முடிவாயிற்று.

புழு இலைகளை இழுத்து வளையின் வாயை அடைக்கும். எந்தப் பக்கமாக இழுக்கிறது? வளைகளிலிருந்து 227 காய்ந்த இலைகளை உருவி எண்ணினார். 181 இலைகள் நுனிப்பக்கமாக இழுக்கப்பட்டிருந்தன. 20 மட்டும் அடிப்பக்கமாக. 26 நடுவில் பிடித்து. பெரும்பாலான இலைகள் நுனியில்தான் குறுகலானவை; குறுகிய வளைக்குள் அப்படித்தான் எளிதில் போகும். முக்கோணமாக வெட்டிய காகிதத் துண்டுகளைப் போட்டும் சோதித்தார். கண்ணும் காதும் இல்லாத இந்த உயிருக்கும் ஏதோ ஓரளவு அறிவு இருக்கிறது என்று எழுத அவர் தயங்கவில்லை.

இவையெல்லாம் சேர்ந்து 1881 அக்டோபரில் நூலாயின. புழுக்களின் செயலால் மேல்மண் உருவாதலைப் பற்றிய அந்த நூலே அவருடைய கடைசி நூல். ஆறு மாதங்களில், 1882 ஏப்ரல் 19 அன்று, அவர் காலமானார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்பது அதில் அவர் காட்டும் கணக்கு. ரோமானியர் காலத்துக் கட்டடத் தளங்கள் மண்ணுக்குள் அமிழ்ந்ததிலும், ஸ்டோன்ஹெஞ்சில் விழுந்து கிடக்கும் பெருங்கற்கள் புதைந்ததிலும் புழுக்களுக்குப் பங்குண்டு என்று தோண்டிப் பார்த்துச் சொன்னார். தொல்லியலாளர்கள் தோண்டியெடுக்கும் பழைய காலத்தைப் பத்திரமாக மூடிவைத்தவற்றுள் புழுவும் ஒன்று.

அந்த நூலில் நமக்கு மிக அருகில் வரும் இடமும் ஒன்றுண்டு. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் கிங், இந்தியப் புழுக்கள் தள்ளிய மண்கட்டிகளை டார்வினுக்கு அனுப்பினார். அவற்றுள் நீலகிரி மலையிலிருந்து எடுத்தவையும் இருந்தன. பெரிய கட்டி ஒன்றின் எடை நூறு கிராமுக்கும் மேல். நம் மலைப் புழு தள்ளிய மண், கடல் கடந்து அந்தக் கிழவரின் மேசைத் தராசில் ஏறியிருக்கிறது.

*

1837 முதல் 1881 வரை நாற்பத்து நான்கு ஆண்டுகள். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து மனோன்மணீயம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர். அறிவுத்துறைகளை வகைப்படுத்தி 'நூற்றொகை விளக்கம்' என்ற உரைநடை நூலைத் தமிழில் தந்தவர். மேலை அறிவியலின் காற்று அவர் அறைக்குள் வீசியிருக்கிறது. ஆயினும் பத்தாண்டு இடைவெளியை மட்டும் கொண்டு ஒரு நூலை மற்றதன் நிழல் என்று சொல்லிவிடலாகாது. குருணை மண்ணும் அடைத்த வளைவாயும் எந்த வயலோரத்திலும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றை இலக்கியத்துக்குள் கொண்டுவரலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதுதான் இங்கே முக்கியம்.

வேறொன்றையும் கவனிக்கலாம். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையைத் தழுவிய இந்த நாடகத்தின் முடிச்சே ஒரு சுருங்கை வழி. சுந்தர முனிவர் யாருக்கும் தெரியாமல் நிலத்தடியில் அதை அமைக்கிறார். மேலே அரசர்களும் அமைச்சர்களும் சூழ்ச்சிகளும் போர்களும். கதையைத் தீர்மானிப்பது கீழே ஓசையின்றி நடக்கும் வேலை. அந்த முனிவரின் மாணவன்தான் மண்ணுக்கடியில் வழி குடையும் புழுவைப் பாராட்டுகிறான். இதையும் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

*

மண்புழுவை இன்று யாரும் இழிவாகப் பேசுவதில்லை. உழவனின் நண்பன் என்று பாடநூல் சொல்கிறது. மண்புழு உரம் பைகளில் விற்கிறது. ஆனால் புதிய புகழிலும் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. எல்லா மண்புழுவும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில இனங்கள் மேற்பரப்பின் இலைச் சருகிலும் சாணத்திலும் வாழ்பவை. சில மேல்மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் திரிபவை. சில ஆழத்துக்கும் மேற்பரப்புக்குமாக ஏறி இறங்குபவை. உரத்தொட்டிகளில் பெரும்பாலும் வளர்க்கப்படுபவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ், ஐரோப்பாவிலிருந்து வந்த ஐசீனியா ஆகிய மேற்பரப்புப் புழுக்கள். அவை நல்ல உரம் தரும், வயலை உழாது. சென்னை புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், பெரியோனிக்ஸ், லாம்பிட்டோ போன்ற உள்ளூர் இனங்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம், மண்ணையும் மீட்கலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவர். தொட்டியில் வாங்கி வளர்க்கும் புழு, நஞ்சு தெளித்து நாம் இழந்த வயல் புழுவுக்கு ஈடாகிவிடாது.

இடம் மாறினால் புழு கேடும் செய்யும். பனியுகத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த வட அமெரிக்கக் காடுகளில் மண்புழு இல்லாமலே மரங்கள் வளர்ந்து வந்தன. ஐரோப்பியக் குடியேறிகளோடு போய்ச் சேர்ந்த புழுக்கள், அங்கே தரையை மூடியிருந்த சருகுப் படுகையைத் தின்று தீர்த்ததால் அதை நம்பியிருந்த சிறு செடிகள் குறைந்து வருகின்றன. அங்கேயும் நடப்பது அதே கணக்குத்தான். சிறியது ஒன்று நாள் தவறாமல் செய்வது கூடிக் கூடிப் பெரிதாகிறது. அந்தக் கூட்டலைப் போட மறந்தவர்களுக்கு நன்மையும் தாமதமாகத்தான் தெரிகிறது, தீமையும் தாமதமாகத்தான் தெரிகிறது.

கேள்வி கேட்ட அந்த மாணவன் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் வகுப்பில் இருந்தபோதே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது. மறு ஆண்டு அந்தப் பகுதிக்கு வந்தபோது உயர்வு நவிற்சி என்று எழுதக் கை போயிற்று. எழுதவில்லை. மாணவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போனேன். முதல்நாள் மழை பெய்திருந்தது. மைதானத்து ஓரத்தில் குருணை மண் குவிந்திருந்த ஓரிடத்தில் எல்லோரும் குனிந்து நின்றோம். பாடலை அங்கேயே ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.